இடக்காலில் பிரேக்

அந்த ஊரில் வண்டி ஓட்டத் தெரிந்த எவரும் மாஸ்டரிடம் வசவு வாங்காமல் அதைக் கற்றிருக்க முடியாது. தபால்காரர் வாங்கியிருக்கிறார், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வாங்கியிருக்கிறார், வாகன ஆய்வாளர் என்னும் பதவியில் அமர்ந்து இன்று பிறருக்கு உரிமம் வழங்குகிறாரே, அவரும் ஒரு காலத்தில் மாஸ்டரின் முன்னால் வெலவெலத்து நின்றவர்தாம்.

கீழ்த்தளத்தில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி, மேல்தளத்தில் வீடு, பின்புறம், பழைய டயர்களைப் பாதிவரை புதைத்து வளைவுகள் அமைத்த மைதானம். மாணவர்களை மாஸ்டர் எடுத்த எடுப்பில் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிட மாட்டார். முதலில் நாற்காலிகளில் வரிசையாக உட்கார வைப்பார். கண்களை மூடச் சொல்வார். “இடக்கால் கியர், வலக்கால் பிரேக்” என்று அவர் அடியெடுத்துக் கொடுக்க, வரிசை முழுவதும் ஒரே குரலில் அதைத் திருப்பிப் பாடியவாறு தரையை மிதிக்க வேண்டும். பதிகம் ஓதும் இடத்தில் தாளம் தப்பினால்கூட மன்னிப்பு உண்டு. இங்கே தப்பினால் அன்றைக்கு அந்த ஆளுக்குச் சோறு இறங்காது.

“நீ யோசிச்சு மிதிச்சா லேட்டு. கால் யோசிக்கணும், நீ சும்மா அதுகூடப் போனா போதும்” என்பது மாஸ்டரின் வேதவாக்கு. அப்படியே ஊரின் கால்கள் எல்லாம் யோசிக்கக் கற்றுக்கொண்டன. அவரிடம் பயின்றவர்கள் பேருந்தில் பயணியாக உட்கார்ந்திருக்கும்போதும், முன்னே ஏதேனும் குறுக்கே வந்தால் வலக்காலைத் தரையில் ஊன்றுவார்கள்.

அப்பேர்ப்பட்ட மாஸ்டருக்கு, ஓய்வெடுக்கும் வயதை எட்டிப் பார்க்கும் பருவத்தில், ஒரு மையல் பிறந்தது. அவர் மனத்தைக் கவர்ந்தவள் இங்கிலாந்தில் பிறந்தவள், அவரைவிட மூத்தவள், பேக்கரியின் சரக்கறையில் மாவு மூட்டைகளுக்கு அடியில் நெடுங்காலம் மறைந்து கிடந்தவள். ஒற்றைப் பிஸ்டன், கனத்த இரும்புச் சட்டம், கண்ணீர்த் துளி வடிவில் பெட்ரோல் தொட்டி. பேக்கரிக்காரரின் பாட்டனார் காலத்தில் வீடு வீடாக ரொட்டி சுமந்த மோட்டார் சைக்கிள் அது. பேக்கரிக்காரர் அதை இரும்புக் கடைக்கு அனுப்ப இருந்த காலையில், அவர் மகளுக்குப் பாடம் சொல்லப் போயிருந்த மாஸ்டர் மூட்டைகளின் நடுவே நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியைக் கண்டார். அன்று பாடம் நடக்கவில்லை. பேக்கரிக்காரரின் பிள்ளைகள் எல்லோருக்கும் கட்டணமின்றி ஓட்டக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லி, வண்டியை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மாஸ்டரின் மனைவி தையற்கலைஞர். ஊராருக்குத் தையலக்கா. மேல்தளத்து ஜன்னலோரம் அவருடைய தையல் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். கணவர் தள்ளுவண்டியோடு வந்து நின்ற கோலத்தை ஜன்னல் வழியே பார்த்த அவர், கீழே இறங்கி வந்து, மாவு அப்பிய அந்த உருவத்தை ஒருமுறை சுற்றிவந்தார்.

“வயசு என்ன இருக்கும்?”

“நம்ம ரெண்டு பேரையும் விட மூத்தது.”

“அப்ப சரி. அடக்கமா இருக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் மேலே போய்விட்டார்.

அடக்கமாக அது இருக்கவில்லை. பல்லாண்டு மாவும் இயந்திர எண்ணெயும் ஒன்றாய்க் குழைந்து, கோடை வெயிலில் வெந்து, எஞ்சினின் தகடுகளுக்கு இடையே கல்லாய் இறுகிக் கிடந்தன. மாஸ்டர் மூங்கில் குச்சியைச் சீவிச் சீவி அதைக் குடைந்து எடுத்தார். அடுத்து ஒரு நட்டைக்கூடக் கழற்ற முடியவில்லை. அக்கால ஆங்கிலேயர் தம் நட்டுகளுக்குத் தனி அளவு வைத்திருந்தார்கள். இன்றைய ஸ்பேனர் எதுவும் பொருந்தாது, பொருந்துவதுபோல் பாசாங்கு செய்து முனைகளை மழுக்கிவிடும். தையலக்காவின் தம்பி கடைசல் பட்டறை வைத்திருந்தவர். வாய்த்துடுக்கு அதிகம், கைத்திறமும் அதற்குக் குறைவில்லை. அவர்தாம் ஒவ்வோர் அளவுக்கும் ஸ்பேனரைக் கடைந்து கொடுத்தார். கொடுக்கும்போதெல்லாம், தம் அக்காவுக்கு ஒரு மோதிரம் போட மாமா இவ்வளவு அலைந்ததில்லை என்று குத்திக்காட்டத் தவறவில்லை.

இருக்கைக்குத் தோல் தைத்தது தையலக்கா. பெட்ரோல் தொட்டிக்குக் கறுப்பு வண்ணம் பூசி அது காய்ந்த பிறகு, அதன்மேல் பொன்கோடு இழுக்க வேண்டியிருந்தது. மாஸ்டர் அளவுகோலும் நூலும் வைத்து மல்லாடுவதைக் கண்டு பொறுக்காமல் அவர் கீழே வந்தார். இரவிக்கையின் கழுத்துக்குப் போடும் வளைவைச் சாக்குக்கட்டியால் ஒரே வீச்சில் தொட்டியின் இருபுறமும் வரைந்தார். “இதுமேல பூசுங்க” என்றார். அதன்மேல் பூசினார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோதுகூட அவ்வளவு ஒயிலாக இருந்திருக்குமா என்பது ஐயம்.

எஞ்சினை உயிர்ப்பித்த காலை அந்த வீட்டில் மறக்க முடியாதது. மைத்துனர் முதலில் தம் முழு பலத்தையும் காட்டி உதைத்தார். வண்டி திருப்பி உதைத்தது. அவர் கெந்திக் கெந்திப் போய் டயர்மேல் உட்கார்ந்துகொண்டார். பிறகு மாஸ்டர் முறைப்படி தொடங்கினார். கார்புரேட்டரின் சிறு பித்தானைப் பெட்ரோல் கசியும்வரை அழுத்தினார். பிஸ்டன் மேலேறி முட்டுகிற இடத்தைக் காலால் தடவிக் கண்டுபிடித்தார். அந்த இடத்தில் வால்வைத் திறந்து காற்றை வெளியே விடும் நெம்புகோலைத் தையலக்கா பிடித்திருந்தார். எப்போது விடுவது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, உள்ளே எழுந்த மூச்சொலியைக் கேட்டே விட்டார். மாஸ்டரின் கால் நெடுக இறங்கியது.

எஞ்சின் ஒருமுறை இருமியது. பிறகு பேசத் தொடங்கியது. ஒவ்வோர் அடிக்கும் இடையே ஓர் இடைவெளி. அடுத்தது வருமோ வராதோ என்று நெஞ்சு எட்டிப் பார்க்கும் அளவுக்கு. உடனே அடுத்த அடி. ஜன்னல் கண்ணாடிகள் கூடவே அதிர்ந்தன. மாஸ்டரின் கண்களில் நீர் கோத்துக்கொண்டது. புகை என்றார். புகை எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்ததை அவர் மனைவி சுட்டிக்காட்டவில்லை.

இனி ஓட்டுவது ஒன்றுதான் பாக்கி. ஓட்டுவது மாஸ்டருக்கு மூச்சுவிடுவது போல. மதியத்துக்குள் ஊரெல்லாம் செய்தி பரவி, மைதானத்தைச் சுற்றிப் பழைய மாணவர்கள் திரண்டுவிட்டார்கள். மாஸ்டர் சட்டையை மடித்துவிட்டு ஏறி அமர்ந்து, கிளட்சை விட்டார். வண்டி அன்னம்போல் நகர்ந்தது. இரண்டாம் கியருக்கு மாற்ற இடக்காலை முன்னே அழுத்தினார்.

வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மாஸ்டர் நிற்கவில்லை, பெட்ரோல் தொட்டியைக் கடந்து, கைப்பிடியைத் தழுவி, எதிரில் இருந்த செடிவேலிக்குள் போய்ச் சேர்ந்தார்.

அக்காலத்து ஆங்கிலேய வண்டிகளில் இடக்காலில்தான் பிரேக், கியர் வலக்காலில். இது மாஸ்டருக்குத் தெரியாததன்று. அந்தப் பிரேக்கைத் தேய்த்து மெருகேற்றி, அந்தக் கியர்த் தண்டைக் கழற்றிப் பூட்டியவரே அவர். மூளைக்குத் தெரிந்திருந்தது. காலுக்கு யாரும் சொல்லவில்லை.

சட்டையில் ஒட்டிய இலைகளைத் தட்டிவிட்டு மீண்டும் ஏறினார். இம்முறை இடக்காலை உறுதியாகக் கட்டுப்படுத்திக்கொண்டார். ஆனால் திருப்பத்தில் நிறுத்த வேண்டி வந்தபோது வலக்கால் தானாக அழுந்தியது. வண்டிக்குக் கியர் ஏறியது. நிற்க வேண்டிய இடத்தில் பாய்ந்து, ஒரு டயரை வேரோடு பிடுங்கிப் போட்டது. நில் என்றால் நிற்காது, நிற்காதே என்றால் நின்றுவிடும். ஊடல் கொண்ட தலைவியிடம்கூட மனிதன் இவ்வளவு பாடுபட்டதில்லை.

பார்த்திருந்த தபால்காரர், மாஸ்டருக்குக் களைப்பு, தான் ஓட்டிக் காட்டுவதாக முன்வந்தார். அதே இடத்தில் அதே வேலிக்குள் போனார். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் போனார். மூன்றாமவராகச் சென்ற மைத்துனர் வேலிக்குள் இருந்தபடியே, இங்கே ஒரு கதவு வைத்துவிடலாம் என்று குரல் கொடுத்தார்.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் வண்டிக்குச் சாலையில் ஓடும் அனுமதி வேண்டியிருந்தது. நெடுங்காலம் சரக்கறையில் கிடந்த வண்டி அனுமதி பெற வேண்டுமானால், உரிமையாளரோ அவர் குடும்பத்தாரோ ஆய்வாளர் முன்னிலையில் எட்டு வடிவில் ஓட்டி, சொன்ன கோட்டில் நிறுத்திக் காட்ட வேண்டும். இருமுறை வாய்ப்பு. இரண்டும் தவறினால் காட்சிப் பொருள் என்று முத்திரை குத்திவிடுவார்கள். அதன்பின் அது சாலையைக் கண்ணால் காண முடியாது. கண்ணாடிக் கூண்டில் நிறுத்திவைப்பதற்காகவா மூங்கில் குச்சியால் மாவைக் குடைந்தோம் என்று மாஸ்டர் குமுறினார். அந்த எஞ்சினின் குரல் ஒரு நெடுஞ்சாலையில் ஒலிப்பதைக் கேட்க வேண்டும் என்பது ஒன்றே அப்போது அவருக்கு வாழ்வின் ஆசையாக இருந்தது.

முதல் வாய்ப்பு போயிற்று. வாகன ஆய்வாளர் அலுவலகத் திடலில், தம் மாணவரே ஆய்வாளராய் நிற்க, வாரந்தோறும் தாம் தேர்வுக்கு அழைத்துவரும் மாணவர் கூட்டம் வேடிக்கை பார்க்க, மாஸ்டர் எட்டின் முதல் வளைவிலேயே உறைந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. ஆய்வாளருக்கு மனம் கேட்கவில்லை. வண்டியில் ஏதோ கோளாறு இருக்கக்கூடும், தாமே ஓட்டிப் பார்த்துவிடுவதாகச் சொல்லி ஏறினார். கோளாறு எங்கே என்பது அவர் திடலின் மணல்மேட்டில் மூக்குக் குத்த இறங்கியதும் விளங்கிவிட்டது. அவர் எழுந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மாஸ்டரின் காதோடு சொன்னார்:

“தப்பா நினைக்காதீங்க மாஸ்டர். நீங்க சொல்லிக்கொடுத்தது அவ்ளோ ஆழமா இறங்கியிருக்கு.”

பாராட்டா பழியா என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் மாஸ்டர் இல்லை.

அடுத்த வாரங்களில் அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. இடக்காலில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, “வலக்கால் கியர், இடக்கால் பிரேக்” என்று தமக்குத் தாமே பாடம் நடத்தினார். பக்கத்து அறையில் மாணவர் வரிசை வழக்கமான பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. இரண்டு பாட்டும் மோதி, ஒரு மாணவி எந்தக் காலையும் தூக்க முடியாமல் அழுதேவிட்டாள். அன்றோடு அந்தப் பயிற்சியும் நின்றது.

மைத்துனர் ஒரு வழி சொன்னார். ஒரு குறுக்குத் தண்டும் இரண்டு முட்டிகளும் கடைந்து தந்தால் கியரை இடப்பக்கத்துக்கும் பிரேக்கை வலப்பக்கத்துக்கும் மாற்றிவிடலாம். அரை நாள் வேலை. மாஸ்டர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். பழைய வண்டி பிறந்த வடிவிலேயே இருக்க வேண்டும் என்பது அனுமதியின் விதி. விதி இல்லாவிட்டாலும் அவர் ஒப்பியிருக்க மாட்டார். செய்தவர்கள் நினைத்ததை எல்லாம் அப்படியே மீட்டுக் கொடுத்தபின், தம் கால் ஒன்றுக்காக அதைத் திருத்துவதா?

“அப்ப உங்ககிட்ட படிக்காத ஆளா பாத்து ஓட்டச் சொல்லுங்க மாமா.”

“இந்த ஊர்ல எவன்டா இருக்கான் அப்படி?”

“எவனும் இல்ல. குடும்பத்துல இருக்கணும் வேற” என்று பேசிக்கொண்டே வந்த மைத்துனர் சட்டென்று வாயை மூடினார். மேலே ஜன்னலில் தையல் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் மேலே பார்த்தார்கள். பிறகு மாஸ்டர் மட்டும் தரையைப் பார்த்தார்.

அதற்குக் காரணம் இருந்தது. திருமணமான புதிதில் தையலக்கா வண்டி ஓட்டக் கற்க ஆசைப்பட்டார். மாஸ்டர் மைதானத்தில் ஏற்றிவிட்டார். மனைவி என்று சலுகை காட்டினால் பள்ளியின் மானம் என்னாவது என்று, மற்றவர்க்குக் கொடுப்பதில் இரண்டு மடங்கு வசவு கொடுத்தார். பிரேக்குக்கு ஏன் அந்தக் கால் என்று தையலக்கா ஒரு கேள்வி கேட்டதற்கு, கேள்வி கேட்டால் கால் எப்படி யோசிக்கும் என்று சீறினார். முடிவில், வரிசையாய் உட்கார்ந்திருந்த மாணவர்களின் காதுபட, உனக்கு இது வராது என்று சொல்லிவிட்டார். தையலக்கா வண்டியை ஒழுங்காகத் தாங்கியில் நிறுத்தி, மேலே போய்த் தையலில் உட்கார்ந்தவர்தாம். அதன்பின் அதைப் பற்றி ஒரு வார்த்தை இருவரும் பேசியதில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது, நன்றாகவே வாழ்ந்தார்கள். ஆனால் தையலக்கா எங்கு போவதென்றாலும் நடந்தே போனார்.

மாஸ்டர் படியேறினார். அத்தனை ஆண்டுகளில் அந்தப் படிகள் அவ்வளவு செங்குத்தாக இருந்ததில்லை. தையலக்கா ஒரு பள்ளிச் சீருடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் அங்கிருந்த நூற்கண்டு ஒன்றை எடுத்து உருட்டினார். வெயில் அதிகம் என்றார். ஊசிக்கு எண்ணெய் வேண்டுமா என்று கேட்டார்.

“கீழ நீங்க பேசினது ஜன்னல் வழியா கேட்டுச்சு” என்றார் அவர், தலை நிமிராமல்.

மாஸ்டர் நூற்கண்டைக் கீழே வைத்தார். “நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. உனக்கு வரலைன்னு இல்ல. எனக்குச் சொல்லித்தர வரல.”

இயந்திரம் நின்றது. தையலக்கா துணியிலிருந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அவர் முகத்தில் வெற்றி இல்லை. நெடுநாளாய்ச் சுமந்த ஒரு குடத்தை இறக்கிவைத்தவரின் நிதானம் இருந்தது.

“நான் ஓட்டுறேன். ஆனா ஒண்ணு.”

“சொல்லு.”

“நீங்க பின்னாடி உக்காருங்க. வாயத் திறக்கக் கூடாது. நானா கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க.”

“ஆபத்துன்னா?”

“விழுந்தா ரெண்டு பேரும்தானே விழுவோம்.”

இவ்வாறாக, ஊரையே பேசிப் பேசி ஓட்டவைத்த மனிதர் வாய் மூடிப் பின்னிருக்கையில் அமர்ந்தார். அந்தக் காட்சியைக் காண மைத்துனர் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தார். வண்டி நகர்ந்ததும் மாஸ்டரின் கழுத்து நரம்புகள் புடைத்தன. வளைவு வந்தபோது அவருடைய கால்கள் தாமாகவே பின்னிருக்கையின் கால்தாங்கிகளை மாறி மாறி மிதித்தன. சத்தம் கேட்ட தையலக்கா வண்டியை நிறுத்தி, காலையும் மூடி வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி கிளப்பினார். மைத்துனர் டயர்மேல் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

தையலக்கா கேள்விகள் கேட்டார். அப்படிப்பட்ட கேள்விகளை மாஸ்டரிடம் எவரும் கேட்டதில்லை. கியரை மாற்றும்போது உள்ளே என்ன ஆகிறது? கிளட்சை முழுதும் விடாமல் பாதியில் பிடித்தால் எது எதை உரசுகிறது? மாஸ்டர், கழற்றிப் பூட்டியவர் ஆகையால், ஒவ்வொன்றையும் கையால் காட்டி விளக்கினார். கேட்டுமுடித்தபின் தையலக்கா அதையே செய்வார். அவருக்கு அது பாட்டாக இல்லாமல் பொருளாக இறங்கியது. தையல் மிதியில் பழகிய வலக்கால் கியர்த் தண்டைத் துணிக்கு ஊசி இறக்குவது போல் மெல்லத் தொட்டு மாற்றியது. இடக்கால் பிரேக்கின்மேல் பூனைபோல் காத்திருந்தது. மறக்க வேண்டியது எதுவும் அந்தக் கால்களுக்கு இல்லை.

விழவும் செய்தார்கள், ஒருமுறை. வேலிக்குள் அருகருகே கிடந்தபடி தையலக்கா பின்னால் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் உதடுகளை இறுகப் பூட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. தையலக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. “சரி, ஒரு தடவை திட்டிக்கோங்க, இல்லன்னா வெடிச்சிடுவீங்க” என்றார். மாஸ்டர் வாயைத் திறந்தார். திட்டுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. அவரும் சிரித்தார். இருவரும் எழுந்திருக்க நெடுநேரம் ஆயிற்று.

இரண்டாம் வாய்ப்பு நாள் வந்தது. முதல் முறையைவிடப் பெரிய கூட்டம். தையலக்கா பயிலுநர் உரிமம் பெற்றிருந்தார். ஆகவே வண்டிக்கும் அவருக்கும் சேர்த்து ஒரே ஓட்டத்தில் தேர்வு என்று ஆய்வாளர் அறிவித்தார். சுமையோடு ஓடும் திறமும் பார்க்க வேண்டும், பின்னால் ஒருவர் உட்கார வேண்டும் என்றார். ஊரே மாஸ்டரைப் பார்த்தது. அவர் போய்ப் பின்னால் உட்கார்ந்தார். முன்னால் இருந்தவரின் தோள்கள் துளியும் நடுங்கவில்லை என்பது அவருக்கு வியப்பாக இருந்தது.

பித்தானை அழுத்தி, பிஸ்டனை நிலைக்குக் கொண்டுவந்து, நெம்புகோலைத் தாமே பிடித்து விட்டு, தையலக்கா உதைத்தார். உதை என்று சொல்வதுகூடத் தகாது. படியிறங்குவது போல் இறங்கினார். எஞ்சின் பேசத் தொடங்கியது. எட்டின் இரு வளைவுகளையும் வண்டி ஒரு நெளிவும் இல்லாமல் வரைந்தது; துணியில் சாக்குக்கட்டி வரைவது போலத் தொடங்கிய இடத்தில் வந்து முடித்தது. இந்த வண்டிக்கு விளக்குச் சைகை இல்லை. கையை நீட்டித்தான் திசை காட்ட வேண்டும். அவர் இடக்கையை நீட்டிய விதத்தைப் பார்த்து, திடலின் ஓரத்தில் உண்மையாகவே ஒரு மிதிவண்டிக்காரர் வழிவிட்டு ஒதுங்கினார்.

நிறுத்தக்கோடு நெருங்கியது. கூட்டத்தில் இருந்த பழைய மாணவர்கள் அத்தனை பேரும், தபால்காரர் முதல் ஆய்வாளர் வரை, தம்மை அறியாமல் வலக்காலைத் தரையில் ஊன்றினார்கள். புழுதி எழுந்தது. மாஸ்டரின் காலும் துடித்தது. இரு கைகளாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். தையலக்காவின் இடக்கால் மெல்ல அழுந்தியது. முன்சக்கரம் கோட்டை முத்தமிட்டு நின்றது.

ஆய்வாளர் குனிந்து கோட்டைப் பார்த்தார். நிமிர்ந்து தம் வலக்காலைப் பார்த்தார். பிறகு முத்திரைப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். வண்டிக்கு ஒரு முத்திரை, தையலக்காவுக்கு ஒரு முத்திரை. மைத்துனர் விசிலடித்தார். மாஸ்டர் இறங்கி ஏதோ பேச வாயெடுத்தார். எல்லோரும் ஒரு சொற்பொழிவை எதிர்பார்த்து அமைதியானார்கள். அவரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, இனிமேல் நாற்காலியில் கண்ணை மூடி உட்காருவது கிடையாது, கேள்வி கேட்பவர் முன்வரிசையில் உட்காரலாம் என்று மட்டும் அறிவித்தார்.

“பேசி முடிச்சிட்டீங்களா?” என்றார் தையலக்கா. எஞ்சினை அவர் நிறுத்தவே இல்லை.

“எதுக்கு?”

“ஏறுங்க. ரோட்டுல ஓட்டிப் பாக்க வேண்டாமா?”

மாஸ்டர் ஏறினார். திடலின் வாயிலைக் கடந்து, கடைத்தெருவைக் கடந்து, பாலத்துக்கு அப்பால் நெடுஞ்சாலை நீண்டது. மூன்றாம் கியரில் எஞ்சினின் குரல் இறங்கி ஆழ்ந்து, நிலம் உள்ளிருந்து முனகுவது போல் ஒலித்தது. அந்தக் குரலைக் கேட்கத்தான் அவர் அத்தனை பாடும் பட்டார். கேட்டார். நெஞ்சு நிறைந்தது. நிறைந்தபின் செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல், பக்கவாட்டில் தலையைத் திருப்பினார்.

அந்தச் சாலையில் அவர் பல்லாயிரம் முறை போயிருக்கிறார். போனபோதெல்லாம் மாணவரின் கால்களையும் கண்ணாடியில் பின்வரும் வண்டிகளையும் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. இப்போது இருபுறமும் மருத மரங்கள், அடி வெளுத்து நெடிதுயர்ந்து, மேலே கிளை பின்னி நின்றன. அவற்றின் ஊடே இறங்கிய வெயில் சாலையெங்கும் காசுகளாய்ச் சிதறி, வண்டி போகப் போகத் தையலக்காவின் தோளில் ஏறி இறங்கியது. மரங்களுக்கு அப்பால் நீர் மின்னியது. நாரைகள் நின்றன.

மாஸ்டர் மனைவியின் காதருகே குனிந்தார். “இந்த மரமெல்லாம் எப்ப வெச்சாங்க?”

“நாம குடிவந்தப்பவே இருந்துச்சு.”

“அந்த ஏரி?”

“அதுவும்தான்.”

 மாஸ்டர் கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொன்னார். பயத்தினால் அன்று, இடப்பக்கம் பார்த்துமுடித்துவிட்டார், வலப்பக்கம் பாக்கி இருந்தது.